குயில்ட் வாங்கவா, தைக்கவா? கொடைக்கானலுக்கும் கேதார்காந்தாவுக்கும் ஒண்ணே போதுமா?

பாளைநடையன்

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை வேணும். மார்கழிக் கடைசியில கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ரெண்டு ராத்திரி கூடாரம், தை மாசம் இமயமலையில கேதார்காந்தா. இப்ப இருக்குற ஃபைபர் ஸ்லீப்பிங் பேக் 1.8 கிலோ. 50 லிட்டர் பையில பாதியை அதுவே முழுங்கிருது. குயில்ட்டுக்கு (முதுகுப்பக்கம் திறந்த, போர்வை மாதிரி போத்துற பேக்) மாறலாம்னு பாக்கேன். உயரம் 170 செ.மீ., ஒருக்களிச்சுப் படுக்குற ஆளு, ராத்திரி அஞ்சாறு தடவை புரளுவேன்.

ரெண்டு இடத்துக்கும் ஒரே குயில்ட் போதுமா? இறகா, ஃபைபரா? இறகுல 650-ங்காங்க, 850-ங்காங்க, அதுக்குத் தக்கன காசு கொடுக்கலாமா? டவுன்ல ரத வீதிப் பக்கம் நல்ல தையல்காரர் இருக்காரு, அவரிட்ட கொடுத்துத் தைச்சா என்ன?

மூட்டைகுறைப்பான்

முதல்ல பாய். குயில்ட் அப்புறம்.

ஸ்லீப்பிங் பேக்ல நீங்க மேல படுத்து நசுக்குற இறகு எப்படியும் கதகதப்பு தராது. குளிரைத் தடுக்குறது இறகு இல்ல, இறகு பிடிச்சு வச்சிருக்குற காத்து. நசுங்குனா காத்து போச்சு. அந்த நசுங்குற முதுகுப் பாகத்தையும், ஜிப்பையும், தலைமூடியையும் கழிச்சுப் போட்டதுதான் குயில்ட். அதனால தரைக்குளிர் முழுக்கப் பாய் தலையிலதான் விழும். பாய் மோசம்னா குயில்ட் எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோசனம் இல்ல.

பாய் தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும்னு சொல்ல ஆர்-மதிப்புன்னு ஒரு எண் உண்டு. 2 செ.மீ. மடிப்புப் பாய் (மூடிய அறை ஃபோம்) ஏறத்தாழ ஆர் 2. கொடைக்கானல் புல்தரைக்கு அது போதும். பனித்தரையில ஆர் 4-க்குக் கீழே போகாதீங்க, 5 இருந்தா நிம்மதி. ரெண்டு பாயை அடுக்குனா எண்ணை அப்படியே கூட்டிக்கிடலாம்: ஃபோம் 2, காத்தடைக்குற பாய் 3, மொத்தம் 5. ஃபோமைக் கீழே போட்டா காத்துப்பாய்ல முள்ளு குத்தாது. காத்துப்பாய் ஓட்டை விழுந்தாலும் ஃபோம் கையில இருக்கும்.

யோகா பாயைக் கொண்டுபோகலாமான்னு அடுத்த கேள்வி வரும். 6 மி.மீ. யோகா பாய் எடைதான் கூடுமே தவிர குளிருக்கு ஆகாது. பத்தமடைப் பாய் பத்தி கேக்கவே வேண்டாம். உடம்புச் சூட்டைத் தேக்காம விடுறதுக்குத்தான் அதைக் கோடையில விரிக்கோம்.

ஊத்துமழை

இறகா ஃபைபரான்னு கேக்கதுக்கு முன்ன, எந்தக் குளிருன்னு பாக்கணும் தம்பி. நம்ம மலைக் குளிரு வேற, இமயத்துக் குளிரு வேற.

கணக்கு இது: ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை டிகிரி குறையும். பாளையங்கோட்டையில மார்கழி ராத்திரி 22, 23 இருக்கும். மாஞ்சோலை, ஊத்து எஸ்டேட் உயரத்துல பதினஞ்சு. கொடைக்கானல் 2,100 மீட்டர்ல எட்டு, ஒன்பது. வானம் தெளிஞ்சு காத்து அடங்குன ராத்திரின்னா பள்ளத்துல இன்னும் நாலஞ்சு இறங்கும். குளிர்காத்து கனம், தண்ணி மாதிரி பள்ளம் பாத்து ஓடும். அதனால ஓடைக்கரையில கூடாரம் போடாம ஒரு பத்து இருபது மீட்டர் மேல ஏறிப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

எண்ணைப் பாத்தா பயப்படதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வடகிழக்குப் பருவம் முடிஞ்சும் முடியாத நேரம் அது. மூடுபனி கூடாரத்துக்குள்ள வந்து உக்காந்திருக்கும். இறகு ஈரத்தை உறிஞ்சுனா கட்டிக்கிடும். முதல் ராத்திரி 5 செ.மீ. உப்பி நின்னது மூணாவது ராத்திரி மூணரைக்கு வந்துரும். வெயில் வந்தாத்தானே காயவைக்க? அதனால மேற்குமலைக்கு ஃபைபர்தான்பேன். கேதார்காந்தாவுல பனி இருந்தாலும் காத்து வறட்சி, அங்க இறகுக்கு ஈடு கிடையாது.

ஒண்ணே போதுமான்னா, போதாது.

மூட்டைகுறைப்பான்

ஊத்துமழை சொன்னதோட ஒத்துப்போறேன். இப்ப 850 விஷயம். அந்த எண்ணுக்கு அர்த்தம், ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பி நிக்கும்ங்கிறதுதான். 850-ன்னா ஒரு கிராம் இறகு சுமார் 490 கன செ.மீ. இடத்தை அடைக்கும். 650-ன்னா 375.

உங்க அளவுக்கு ஒரு குயில்ட்: நீளம் 198 செ.மீ., தோள்பட்டையில அகலம் 137, காலடியில 102. பரப்பு சுமார் 2.37 சதுர மீட்டர். 5 செ.மீ. உப்பல் வேணும்னா (குத்துமதிப்பா 0 டிகிரி) கொள்ளளவு 1,18,000 கன செ.மீ. பக்கம்.

850 இறகுன்னா 241 கிராம். குயில்ட்டைத் தடுப்புத் துணி வச்சு அறை அறையாப் பிரிச்சிருப்பாங்க, அந்த அறைக்குள்ள இறகு ஓடாம இருக்க 25 சதவீதம் கூடுதலா அடைக்கணும், ஆக 300 கிராம்.
650 இறகுன்னா 315 கிராம், கூடுதலோட 394.

வித்தியாசம் 93 கிராம். ஒரு பெரிய வாழைப்பழ எடை. இந்த எடைக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க. 650 இறகு தாராளமா அடைச்ச குயில்ட், 850-ஐக் கஞ்சத்தனமா அடைச்சதைவிடச் சூடா இருக்கும். அதனால வாங்கும்போது இறகோட எண்ணை மட்டும் கேக்காதீங்க, எத்தனை கிராம் அடைச்சிருக்குன்னு கேளுங்க. அதைச் சொல்லாத விற்பனைப் பக்கத்தை மூடிட்டுப் போயிருங்க.

300 கிராம் இறகு, ரெண்டு பக்கத் துணி (சதுர மீட்டர் 30 கிராம்) 142, அறைத் தடுப்பு, நாடா, பட்டன் 70. மொத்தம் 510 கிராம் பக்கம். இந்த அளவுல 0 டிகிரி இறகு குயில்ட் 350 கிராம்தான்னு யாராவது விளம்பரம் போட்டா, ஒண்ணு எடையில பொய், இல்ல டிகிரியில பொய்.

ஜிப்புக்கட்சி

> ராத்திரி அஞ்சாறு தடவை புரளுவேன்

இந்த ஒரு வரியைப் படிச்சாச்சா எல்லாரும்? புரளுற ஆளுக்குக் கேதார்காந்தா −10-ல குயில்ட்டா? ஒவ்வொரு புரளலுக்கும் ஓரத்துல ஒரு வாய் குளிர்காத்து உள்ள போகும். +5-ல அது பெருசில்ல, −10-ல அப்புறம் தூக்கம் வராது. கேதார்காந்தாவுக்கு ஜிப் போட்ட பேக்தான் சரி. ஏத்தம் தொடங்குற சாங்க்ரி ஊர்ல வாடகைக்கே கிடைக்கும், உள்ள போட ஒரு லைனர் (மெல்லிசு உள்ளுறை) மட்டும் கொண்டுபோங்க. லைனருக்கு வேட்டியைத் தைக்காதீங்க. பருத்தி எடையும் கூட, ஈரத்தையும் விடாது.

மூட்டைகுறைப்பான்

புரளுற ஆளுக்குக் குயில்ட் ஆகாதுங்கிறது பாதி உண்மை. அகலம் பத்தாத குயில்ட் ஆகாது, பட்டை மாட்டாத குயில்ட் ஆகாது.

அகலம் அளக்குற விதம்: பாய்மேல ஒருக்களிச்சுப் படுத்து, முழங்காலை மடக்கி, வீட்டுல ஒருத்தரை டேப் பிடிக்கச் சொல்லுங்க. ஒரு பக்கத் தரையில இருந்து தோள் மேல ஏறி மறுபக்கத் தரை வரைக்கும். அதோட 20 செ.மீ. கூட்டுங்க. 137 பத்தாம 145 கேட்டாலும் கேக்கும். 8 செ.மீ. கூடுனா ஏறுற எடை 25, 30 கிராம்தான், அதுல கஞ்சம் பிடிக்கக் கூடாது. நீளத்துக்கு உயரத்தோட 20, 25 செ.மீ. சேத்துக்கிடுங்க. கழுத்துக்கு மேல இழுக்கும்போது கால்விரல் காலடியை அழுத்தக் கூடாது. அழுத்துற இடத்துல உப்பல் செத்துரும், விரல் மரத்துப்போகும்.

பட்டை ரெண்டு வேணும், தோள்பட்டைக்குக் கீழே ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு. பாயைச் சுத்தி மாட்டி, குயில்ட் ஓரத்தை அதுல கொளுவணும். ஓரத்தைப் பாய்க்கு அடியில சொருகுறது தப்பு, புரண்டதும் உருவிக்கிட்டு வந்துரும். கொளுவி, ஓரம் பாய்மேல உள்பக்கமா மடிஞ்சு கிடந்தா நீங்க உள்ள புரளலாம், குயில்ட் அசையாது. கழுத்துல ஒரு பட்டனும் சுருக்குநாடாவும் கட்டாயம்.

தலைக்கு மூடி இல்லைங்கிறதை மறக்காதீங்க. குரங்குக்குல்லா இல்லாம குயில்ட்டைக் குளிருக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. குளிருதுன்னு தலையை உள்ள இழுத்து மூச்சு விட்டா விடியுறதுக்குள்ள இறகு நனைஞ்சிரும்.

ஊத்துமழை

டிகிரி எண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐ.எஸ்.ஓ. 23537-ன்னு சோதனை முறை இருக்கு: சூடேத்துன பொம்மையை உள்ள படுக்கவச்சு ‘சௌகரியம்’ (நிம்மதியாத் தூங்குற குளிரு), ‘எல்லை’ (சுருண்டு படுத்து ஒப்பேத்துற குளிரு)ன்னு ரெண்டு எண்ணு எடுப்பாங்க. முதுகு திறந்து கிடக்குற குயில்ட் அந்தச் சோதனையில சரியாப் பொருந்தாது. அதனால குயில்ட்மேல போட்டிருக்குற எண்ணு பெரும்பாலும் தயாரிச்சவன் சொல்லுறதுதான், அதுவும் ‘எல்லை’ கணக்குல. நம்ம ஊர் உடம்பு வருஷம் பூரா வெயில்ல காயுதது. எழுதியிருக்குற எண்ணோட அஞ்சு, ஆறு டிகிரி கூட்டி வச்சுக்கிடுங்க. 0-ன்னு போட்டிருந்தா +5 வரைக்கும் நல்லாத் தூங்கலாம், அதுக்குக் கீழே கூட உடுப்பு போடணும்.

பாளைநடையன்

அப்ப ரெண்டு குயில்ட்டா அண்ணாச்சி? செலவு முட்டுதே. இன்னொரு சந்தேகம்: இலவம் பஞ்சு நம்ம பக்கம் தாராளமாக் கிடைக்கும், லேசாவும் இருக்கு, தண்ணியிலயும் சட்டுனு நனையாது. அதை அடைச்சா?

ஊசிக்கண்

இலவம் பஞ்சு வேண்டாம். தலையணையில ஒரு வருஷம் கழிச்சு என்ன ஆகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்லா? அமுக்கிப் பைக்குள்ள சுருட்டுனா திரும்ப எழும்பாது. நார் குட்டையா, வழவழன்னு இருக்கும், அறைக்குள்ள ஒரு மூலைக்குப் போயி உக்காந்துக்கிடும். இறகுக்கு உள்ள குணமே, நூறு தடவை அமுக்குனாலும் உதறுனதும் எழும்புததுதான்.

தலையணைக்கு விக்குற உருட்டு ஃபைபரும் அப்படித்தான், ஓடும். நீங்க தேட வேண்டியது தாள் மாதிரி வர்ற ஃபைபர். அதுல ரெண்டு ஜாதி.

ஒண்ணு, அறுபடாத நீள இழைத் தாள். கிளைமாஷீல்ட் அபெக்ஸ்ங்கிற பேர்ல வரும். சதுர மீட்டருக்கு 122 கிராம் தாள் 4 டிகிரிப் பக்கம், 170 கிராம் தாள் 0 பக்கம்னு தைக்குறவங்க வச்சிருக்குற கணக்கு. நாலு ஓரத்துல தையல் போட்டாப் போதும், நடுவுல தைக்கவே வேண்டாம். உள்ளூர்ல கிடைக்காது, ஆன்லைன்ல வரவழைக்கணும்.

ரெண்டாவது, ஜாக்கெட் தைக்க விக்குற பாலியஸ்டர் வேடிங், 100, 150, 200 ஜி.எஸ்.எம்.-ன்னு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கிடைக்கும். இது குட்டை இழை. 15, 20 செ.மீ.க்கு ஒரு தையல் ஓட்டலைன்னா பிஞ்சு கட்டிக்கட்டியாப் போயிரும். தையல் ஓடுன இடத்துல உப்பல் பூஜ்யம், அந்தக் கோடு வழியாக் குளிர் இறங்கும். அதுக்கு மருந்து: ரெண்டு மெல்லிய அடுக்கு, தனித்தனியாத் தையல், ஒண்ணோட கோடு இன்னொண்ணோட நடுவுல வர்ற மாதிரி. எடை கூடும், சீக்கிரம் தட்டையாகும். விலை குறைவு.

மூட்டைகுறைப்பான்

செலவுக்கு ஒரு வழி: இறகு ஒண்ணை வாங்குங்க (0 டிகிரி), ஃபைபர் ஒண்ணைத் தையுங்க (122 கிராம் தாள், 4 டிகிரி). கொடைக்கானலுக்கு ஃபைபர் மட்டும், கூட ஒரு ஃப்ளீஸ். கேதார்காந்தாவுக்கு ரெண்டையும் அடுக்குங்க.

அடுக்குனா எவ்வளவு வரும்ங்கிறதுக்குக் குறுக்குக் கணக்கு: 21-ல இருந்து மெல்லிசு குயில்ட்டோட எண்ணைக் கழிச்சு, பாதியாக்கி, கனமானதோட எண்ணுல இருந்து குறைச்சிருங்க. 21 − 4 = 17, பாதி 8.5. 0 − 8.5 = −8.5. இதுவும் ‘எல்லை’ கணக்குதான். மேல இறகு ஜாக்கெட்டும் கம்பளிக் காலுறையும் போட்டாத்தான் −10 ராத்திரி ஓடும். ரெண்டும் சேந்து எடை 1.1 கிலோதான்.

ஃபைபர் மேல, இறகு உள்ள. மாத்திப் போடாதீங்க. உடம்புல இருந்து வர்ற ஆவி வெளிய போகப் போக ஆறி, வெளி அடுக்குலதான் நீராகும். அந்த ஈரம் ஃபைபர்ல விழுந்தா பெரிய சேதம் இல்ல, இறகுல விழுந்தாத்தான் கேடு. மேல வர்றது கொஞ்சம் அகலமா, 150 செ.மீ. இருக்கணும். இல்லைன்னா உள்ள இருக்குற இறகை அமுக்கிரும்.

ஜிப்புக்கட்சி

1.1 கிலோவுக்கு நல்ல இறகு பேக் ஒண்ணே −10 தாங்கும். பட்டை, பட்டன், அடுக்கு, இத்தனை சங்கடம் எதுக்கு?

மூட்டைகுறைப்பான்

அந்த பேக்கைக் கொடைக்கானலுக்கு எடுத்துட்டுப் போனா வேர்த்து ஊத்தும், ஈரத்துல கட்டியும் போகும். இமயத்துக்கு மட்டும்னா உங்க கட்சிதான் சரி. அவரு ரெண்டு இடம் கேக்காரு.

ஊசிக்கண்

தைக்குறதுக்கு வருவோம். தையல்காரர் சட்டை, பாவாடைதான் தைச்சிருப்பாரு, வழுக்குற நைலான் அவருக்குப் புதுசு. இதையெல்லாம் சொல்லிக் கொடுங்க.

துணி: 15 அல்லது 20 டினியர் (நூல் தடிமன் அளவு) நைலான், சதுர மீட்டர் 30-ல இருந்து 40 கிராம். பூச்சு பூசாத துணியா இருக்கணும். இதுல பலபேர் தப்பு பண்ணுதாங்க. குடைத்துணி, மழைக்கோட்டுத் துணி தண்ணி விடாதுன்னு வாங்கிருவாங்க. தண்ணி விடாத துணி ஆவியையும் விடாது, காலையில உள்பக்கம் நனைஞ்சிருக்கும். கடையில சோதிக்க, துணியை வாயில வச்சு ஊதுங்க. லேசாக் காத்து போனா ஃபைபருக்குச் சரி. ஒண்ணுமே போகலைன்னா, திருப்பிப் பாருங்க, ஒரு பக்கம் பளபளன்னு ரப்பர் மாதிரி பூச்சு இருக்கான்னு. இருந்தா வேண்டாம்.

வெட்டு: நீளம் 200, மேல அகலம் 150, காலடி 110, எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தையலுக்கு விட்டு. துணி ரெண்டு, தாள் ஒண்ணு. நைலான் ஓரம் பிரியும். மெழுகுவர்த்தியைத் தூரத்துல பிடிச்சு ஓரத்தை இளக்கிருங்க, இல்லைன்னா ஓவர்லாக்.

அடுக்கு: ரெண்டு துணியோட நல்ல பக்கமும் உள்ள பாக்குற மாதிரி வச்சு, அதுக்கு மேல ஃபைபர் தாள். தாளை இழுக்கக் கூடாது, சும்மா கிடக்கட்டும். குண்டூசி குத்துனா ஓட்டை நிக்கும், அதனால துணி கிளிப் 15 செ.மீ.க்கு ஒண்ணு.

தையல்: ஊசி 11-ஆம் நம்பர், புதுசு. நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் ஈரத்துல உளுத்துப்போகும். தையல் நீளம் 3 மி.மீ. ஃபைபர் கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி ஓட்டுனா மெஷின் பல்லுல இழை சிக்கும். அடியில நியூஸ் பேப்பர் துண்டு வச்சுத் தைச்சுட்டு, பிறகு கிழிச்சு எடுத்துரலாம். சுத்தித் தைச்சு, காலடிப் பக்கம் 50 செ.மீ. திறப்பு விட்டு, அது வழியாப் புரட்டணும். புரட்டுன பிறகு திறப்பை மூடி, ஓரத்துல இருந்து 1 செ.மீ. உள்ள இன்னொரு சுத்து மேல்தையல். இந்த ரெண்டாவது சுத்துதான் தாளைப் பிடிச்சு நிறுத்துது. இதை விட்டா ரெண்டு துவைப்புல தாள் சுருண்டு நடுவுக்கு வந்துரும்.

காலடி: அடியில இருந்து 65 செ.மீ. வரைக்கும் ரெண்டு ஓரத்தையும் சேத்து பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், 12 செ.மீ.க்கு ஒண்ணு. நுனியில நாடா ஓட ஒரு குழல் தைச்சு சுருக்குக்கயிறு. சுருக்குனாலும் நடுவுல ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை நிக்கும், அதுல ஒரு காலுறையைச் சுருட்டி அடைச்சாச் சரி. பட்டன் வச்சா வெக்கையான ராத்திரி விரிச்சுப் போர்வையாப் போத்திக்கிடலாம். முழுக்கத் தைச்சு மூடுனா கொஞ்சம் சூடு கூட, ஆனா விரிக்க முடியாது. அட்டை ஊருற மலைக்குப் போனா ஓட்டையை நல்லா அடைங்க.

ஆகுற எடை: தாள் 317 கிராம், துணி 200 பக்கம், சில்லறை 40. இறகு குயில்ட்டை மட்டும் வீட்டுல தைக்க இறங்காதீங்க. அறைத் தடுப்பு வச்சு, ஒவ்வொரு அறைக்கும் இறகை நிறுத்து அடைக்கணும். ஃபேன் ஓடுற அறையில பையைத் திறந்தா வீடு பூரா இறகுதான். அது வேற விவாத இழைக்கு உள்ள சமாச்சாரம்.

மட்டுறுத்துநர்

இடையில ஒரு வரி: மாஞ்சோலை, குதிரைவெட்டி, பொதிகை எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உள்ள. வனத்துறை அனுமதி இல்லாம அங்க கூடாரம் போடுற யோசனையை இந்த இழையில எழுத வேண்டாம். கொடைக்கானல் மேல்மலையிலயும் காப்புக்காடு எதுன்னு கேட்டுட்டுப் போங்க.

பாளைநடையன்

ரொம்ப நன்றி. ஃபைபரைத் தைக்கக் கொடுக்கேன், இறகை வாங்குதேன். இறகு வந்ததும் என்னத்தைப் பாக்கணும்? திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி போகவே ரெண்டு ராத்திரிக்கு மேல, அதுவரைக்கும் அமுக்கி வைக்கலாமா?

மூட்டைகுறைப்பான்

வந்ததும் பையில இருந்து எடுத்து உதறி ஒரு நாள் முழுக்க விரிச்சு வைங்க. அப்புறம் ஸ்கேலை நட்டு, அமுக்காம, அறைகளோட நடுவுல அஞ்சு இடத்துல உப்பலை அளங்க. சராசரி 5 செ.மீ. வரணும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. வெளிச்சம் பளிச்சுன்னு வர்ற இடம் இறகு இல்லாத இடம். தட்டி நகத்திப் பாத்தும் மூடலைன்னா திருப்பி அனுப்புங்க. துணி ரெண்டும் நேரா ஒட்டித் தைச்சதா, நடுவுல தடுப்பு இருக்கான்னு விரலால கிள்ளிப் பாருங்க. ஒட்டித் தைச்சது 5 டிகிரிக்கு மேலதான் ஆகும். எடையைப் பலசரக்குக் கடைத் தராசுலயே போட்டுரலாம்.

ரயில்ல அமுக்க வேண்டாம். பெரிய துணிப்பையில தளர்வாப் போட்டு தலைக்கு வச்சுக்கிடுங்க, சாங்க்ரி போயி அமுக்குனாப் போதும். முகாம் சேந்ததும் முதல் வேலை அதை எடுத்து உதறுறது. டீ அப்புறம்.

ஊத்துமழை

திரும்பி வந்து துவைக்கதா இருந்தா: சோப்புத்தூள், கம்ஃபர்ட் ரெண்டும் கூடாது, இறகோட எண்ணெய்ப் பசை போயிரும், இல்லைன்னா மேல படலம் பிடிச்சிரும். இறகுக்குன்னு உள்ள திரவ சோப்பு, பெரிய டப், காலால மெதுவா மிதிச்சு. நனைஞ்சதைக் கொடியில தொங்கவிட்டா தண்ணிக் கனத்துல உள்தடுப்பு கிழிஞ்சிரும். ரெண்டு கையாலயும் அள்ளி எடுத்து, நைலான் கட்டில்ல நிழல்ல விரிங்க. நம்ம ஊர் பங்குனிக் காத்துக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா கட்டியைக் கையால உதிர்த்து விடணும். மூக்கை வச்சா வாத்து நாத்தம் அடிச்சா உள்ள இன்னும் காயலைன்னு அர்த்தம், சுருட்டி வைக்காதீங்க.

ஊசிக்கண்

காஞ்சதும் பீரோவுல அந்துருண்டையோட போடாதீங்க தம்பி, அந்த நாத்தம் இறகை விட்டுப் போகாது. பழைய காடாத் துணியில தலையணை உறை மாதிரி பெருசாத் தைச்சு, அதுல போட்டு ஆணியில மாட்டுங்க. தையல்காரரிட்ட அதையும் சேத்தே சொல்லிருங்க, ஒன்றரை மீட்டர் துணி போதும்.